பின் ஸ்ப்ராக்கெட்டில் இரண்டு பல்: மேங்க்ஸ் நார்டனின் பிக்கப் கணக்கு

"பிக்கப் போதவில்லையா, பின்னால் பெரிய ஸ்ப்ராக்கெட் போடு." ரேஸ் பைக் வைத்திருப்பவர்கள் எல்லோரும் முதலில் கேட்கும் யோசனை இதுதான் (ஸ்ப்ராக்கெட் என்பது செயின் ஓடும் பல் சக்கரம்). பாதி உண்மையும் கூட. மீதிப் பாதியைச் சொல்லாமல் விடுவதால்தான், ஒரு வளைவிலிருந்து சீறிக்கொண்டு வெளியேறும் வண்டி அடுத்த நேர்பாதையின் நடுவிலேயே மூச்சு முட்டி நிற்கிறது. ஓட்டுபவருக்கோ வண்டி பறப்பதாகத் தோன்றும். ஸ்டாப்வாட்ச் வேறு கதை சொல்லும்.

இதைப் புரிந்துகொள்ள 500 சிசி மேங்க்ஸ் நார்டன் என்ற பழைய பிரிட்டிஷ் ரேஸ் பைக்கை விட நல்ல வண்டி கிடையாது. 1954-லிருந்து அதன் ஒற்றை சிலிண்டரின் அளவு 86 மி.மீ. போர் (உள்விட்டம்), 85.6 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்). சிலிண்டர் ஹெட்டில் இரட்டை கேம்ஷாஃப்ட், பின்னால் விரிந்துகொண்டே போகும் மெகாஃபோன் எக்ஸாஸ்ட், நான்கே கியர். கீழ் ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கான சுற்று எண்ணிக்கையில்) திணறும், மேலே போனால் பாடும். இப்படி ஒரு குறுகிய எல்லைக்குள் வேலை செய்யும் எஞ்சினுக்கு நான்கு கியர்தான் என்றால், கியரிங்கில் செய்யும் ஒவ்வொரு தவறும் பளிச்சென்று தெரியும்.

முதலில் மொத்த விகிதம். எஞ்சின் எத்தனை சுற்று சுற்றினால் பின்சக்கரம் ஒரு சுற்று சுற்றுகிறது என்பதுதான் அது. மூன்று இடங்களில் வேகம் குறைகிறது: எஞ்சின் ஸ்ப்ராக்கெட்டிலிருந்து கிளட்ச் ஸ்ப்ராக்கெட்டுக்கு, கியர்பாக்ஸுக்குள், பிறகு கியர்பாக்ஸ் ஸ்ப்ராக்கெட்டிலிருந்து பின் ஸ்ப்ராக்கெட்டுக்கு. மூன்றையும் பெருக்க வேண்டும். கணக்குக்காக எஞ்சினில் 22 பல், கிளட்சில் 42, கியர்பாக்ஸில் 21, பின்னால் 48 என்று வைத்துக்கொள்வோம். 42-ஐ 22-ஆல் வகுத்தால் 1.909. 48-ஐ 21-ஆல் வகுத்தால் 2.286. டாப் கியர் நேரடி, அதாவது 1. பெருக்கினால் 4.36. இதுதான் டாப் கியரின் மொத்த விகிதம். எண் பெரிதானால் ஷார்ட் கியரிங், சிறிதானால் லாங் கியரிங்.

இந்த அமைப்பில் பின் ஸ்ப்ராக்கெட்டின் ஒரு பல் ஏறத்தாழ 2 சதவீதம். கியர்பாக்ஸ் ஸ்ப்ராக்கெட்டின் ஒரு பல் 4.8 சதவீதம். எஞ்சின் ஸ்ப்ராக்கெட்டின் ஒரு பல் 4.5 சதவீதம். நுணுக்கமாகச் சரிசெய்ய வேண்டுமானால் ஏன் எப்போதும் பின்னாலேயே கை வைக்கிறார்கள் என்பது இதிலிருந்தே தெரியும்.

அடுத்து டயரின் சுற்றளவு. அட்டவணையைப் பார்த்து எழுதக் கூடாது. டயரில் ரேஸுக்கான காற்றழுத்தத்தை வைத்து, ஓட்டுபவர் முழு உடுப்போடு ஏறி உட்கார்ந்த பிறகு, டயரிலும் தரையிலும் சாக்பீஸால் கோடு போட்டு, சரியாக ஒரு சுற்று உருட்டி, தரையில் டேப் வைத்து அளக்க வேண்டும். 3.50-19 டயருக்கு 2.05 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 18 அங்குல ரிம்முக்கு மாறி அது 1.98 ஆனால், ஸ்ப்ராக்கெட்டைத் தொடாமலேயே கியரிங் 3.4 சதவீதம் ஷார்ட் ஆகிவிடும். பின்னால் ஒன்றரைப் பல் கூட்டியதற்குச் சமம். டயரை மாற்றிவிட்டுப் பழைய ஸ்ப்ராக்கெட் குறிப்பையே நம்புகிறவர்கள் இங்கேதான் வழி தவறுகிறார்கள்.

இனி வேகங்கள். மேங்க்ஸின் நெருக்கமான கியர் விகிதங்கள் 1.78, 1.33, 1.10, 1.00. எஞ்சின் 7000 சுற்றில் இருக்கும்போது, 48 பல்லோடு, முதல் கியரில் மணிக்கு 111 கி.மீ., இரண்டாவதில் 148, மூன்றாவதில் 179, டாப்பில் 197. பின்னால் 50 பல் போட்டால் இவை 106, 142, 172, 189 ஆகும்.

இப்போது மையமான விஷயத்துக்கு வருவோம். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் வண்டியை முன்னே தள்ளும் விசை, அந்தக் கணத்தில் பின்சக்கரத்துக்கு வரும் குதிரைத்திறனை வேகத்தால் வகுத்தால் கிடைப்பது. அவ்வளவுதான். அந்தக் கணக்கில் கியர் விகிதம் வரவே வராது. அந்த வேகத்தில் எஞ்சின் எந்த ஆர்பிஎம்மில் சுற்ற வேண்டும் என்று தீர்மானிப்பது மட்டுமே கியரின் வேலை. எஞ்சின் அந்த ஆர்பிஎம்மில் நிறைய பவர் தந்தால் பிக்கப் உண்டு, தராவிட்டால் இல்லை. டார்க்கை, அதாவது சுழற்றும் விசையை, கியர் பெருக்கித் தருகிறது என்பது சரிதான். ஆனால் அதே டார்க்கை அதே ஆர்பிஎம்மில் பெருக்கும்போது வேகம் குறைந்திருக்கும். இரண்டு கியரிங்கை ஒப்பிடுவதென்றால் ஒரே ஆர்பிஎம்மில் ஒப்பிடக் கூடாது, ஒரே வேகத்தில் ஒப்பிட வேண்டும். குழப்பம் முழுவதும் இந்த ஓரிடத்தில்தான்.

எண்களில் பார்ப்போம். பின்சக்கரத்தில் 5000 சுற்றில் 29 குதிரைத்திறன், 5500-ல் 34, 6000-ல் 39.5, 6500-ல் 43.5, 7000-ல் 45 தரும் எஞ்சின் என்று வைத்துக்கொள்வோம். நன்றாகச் செட் செய்த பழைய 500 சிசி சிங்கிளின் (ஒற்றை சிலிண்டர் எஞ்சினின்) குணம் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். வண்டியும் ஆளும் பெட்ரோலும் சேர்ந்து 225 கிலோ.

ஒரு வளைவிலிருந்து இரண்டாவது கியரில் 120 கி.மீ. வேகத்தில் வெளியேறுகிறோம். 48 பல்லோடு எஞ்சின் 5660 சுற்றில் இருக்கும், கிடைப்பது சுமார் 36 குதிரைத்திறன். 50 பல்லோடு 5900 சுற்று, சுமார் 38.5. கியரிங்கை 4 சதவீதம் மாற்றினோம், கிடைத்ததோ 7 சதவீதம் அதிக உந்துவிசை. டார்க் இன்னும் ஏறிக்கொண்டிருக்கும் பகுதியில் இருப்பதால் இந்த உபரி. ஓட்டுபவர் இதை முதுகில் உணர்வார், மகிழ்வார்.

வேகம் ஏற ஏற உபரி கரைகிறது. 142-ல் இருவருக்கும் இடையே 2 சதவீத வித்தியாசம்தான். அங்கே 50 பல்காரர் மூன்றாவது கியருக்கு மாற்றியாக வேண்டும். 48 பல்காரர் இன்னும் இரண்டாவதிலேயே இருக்கிறார். 145-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: இவருடைய எஞ்சின் 6840 சுற்றில் 44.5 குதிரைத்திறன் தருகிறது. அவருடையது மூன்றாவது கியரில் 5890-க்கு விழுந்து 38 தருகிறது. அதே வண்டி, அதே எஞ்சின், ஷார்ட் கியரிங் போட்டவருக்கு 14 சதவீதம் குறைவு! 148-ஐத் தாண்டி இவரும் மூன்றாவதுக்கு மாறிய பிறகு நிலைமை மறுபடியும் திரும்புகிறது. 150-ல் அவருக்கு 6 சதவீதம் கூடுதல்.

ஆக, ஷார்ட் கியரிங் என்பது எல்லா வேகத்திலும் கூடுதல் பிக்கப் அல்ல. நீண்ட தூரத்தில் சிறிது லாபம், குறுகிய தூரத்தில் பெரிய நஷ்டம் என்று ரம்பப் பல் போல ஏறி இறங்கும் வரைபடம் அது. முழு வேக வரம்பையும் கூட்டிப் பார்த்தால் லாபமும் நஷ்டமும் பெரும்பாலும் ஒன்றையொன்று விழுங்கிவிடும். அப்படியானால் கியரிங்கால் என்னதான் பயன்? அந்த ரம்பப் பற்களின் மேடுகள் உங்கள் பந்தயப் பாதையில் முக்கியமான வளைவுகளின் வெளியேறும் வேகத்தில் வந்து விழுகின்றனவா, பள்ளங்கள் விழுகின்றனவா என்பதைத் தீர்மானிப்பதுதான் பயன். வண்டிக்கு கியரிங் போடுவதில்லை, பாதைக்குப் போடுகிறோம்.

கியர் மாற்றும் நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பழைய கியர்பாக்ஸில் சுத்தமாக மாற்றினாலும் கால் வினாடி உந்துவிசையே இருக்காது. 142 கி.மீ.யில் காற்றும் டயரும் சேர்ந்து சுமார் 340 நியூட்டன் பின்னுக்கு இழுக்கின்றன. மாற்றாமல் போயிருந்தால் வண்டி வினாடிக்கு 2.3 மீட்டர்/வினாடி வீதம் வேகம் கூட்டியிருக்கும், மாற்றும்போது 1.5 வீதம் இழக்கிறது. கால் வினாடிக்கு இந்த வித்தியாசம் மணிக்கு 3 கி.மீ.க்கும் சற்று அதிகம். ஒரு நேர்பாதையில் கூடுதலாக ஒரு கியர் மாற்றம் வைத்தால், ஸ்ப்ராக்கெட்டில் சம்பாதித்ததில் பெரும்பகுதி அங்கேயே போய்விடும்.

இதிலிருந்து வரும் ஒரு முடிவு பலருக்கு நம்பக் கடினம். நேர்பாதையின் கடைசியில் பிரேக் போடும் இடத்தில் வேகம் 183 என்று வையுங்கள். 48 பல்லோடு மூன்றாவது கியர் 179-ல் தீர்ந்துவிடும். டாப்புக்கு மாற்ற வேண்டும், மாற்றிய உடனே பிரேக். அந்த மாற்றம் எதையும் தராது, எடுத்துக்கொள்ளத்தான் செய்யும். 47 பல் போட்டால் மூன்றாவதே 183 வரை போகும். லாங் கியரிங் போட்டதால் வேகமான சுற்று. எதிர்வாதமும் உண்டு: அப்போது டாப் கியர் சும்மா கிடக்கிறது, அதற்குப் பதில் நன்றாக ஷார்ட் ஆக்கி நான்கு கியரையும் பயன்படுத்தலாமே என்பார்கள். பாதையில் மற்ற வளைவுகள் எப்படி என்பதைப் பொறுத்தது அது. என் தீர்ப்பு இது: டாப்புக்கு மாற்றி இரண்டு வினாடிக்குள் பிரேக் போட வேண்டியிருந்தால் அந்த மாற்றத்தையே ஒழிக்கும் வகையில் ஒரு பல்லைக் குறைத்துப் பாருங்கள்.

கியர்பாக்ஸின் உள்விகிதங்கள் இதோடு பின்னிப் பிணைந்தவை. மேங்க்ஸ் பெட்டியில் 7000-ல் மாற்றினால் எஞ்சின் முதலில் 5230-க்கும், பிறகு 5790-க்கும், கடைசி மாற்றத்தில் 6360-க்கும் விழும். மேலே போகப் போக இடைவெளி குறுகுகிறது. காற்று எதிர்ப்பு கூடும் இடத்தில்தான் பவர் அதிகம் வேண்டும் என்பதால் அப்படி அமைத்தார்கள். அதே ஏஎம்சி (நார்டனின் தாய் நிறுவனம்) வகைப் பெட்டியின் சாலை விகிதங்கள் 2.56, 1.70, 1.21, 1.00. அதில் முதல் மாற்றத்திலேயே எஞ்சின் 4650-க்கு விழும். மெகாஃபோன் வைத்த சிங்கிளுக்கு அது சகதி. சாலைப் பெட்டியோடு ரேஸ் ஓட்டுபவர், ஒவ்வொரு மாற்றத்திலும் செத்துப் பிழைக்கும் எஞ்சினைப் பார்த்துவிட்டு, மொத்த கியரிங்கை ஷார்ட் ஆக்கினால் சரியாகும் என்று நினைப்பார். ஆகாது. ஒரு கியரிலிருந்து அடுத்ததற்கு விழும் சுற்று எண்ணிக்கையைப் பின் ஸ்ப்ராக்கெட்டால் மாற்றவே முடியாது, அது பெட்டிக்குள் இருக்கிறது. கியர்பாக்ஸ் தயாரிப்பாளர்களான ஷாஃப்லைட்னரின் ஆறு கியர் பெட்டிக்கும், குவெய்ஃபின் ஐந்து, ஆறு கியர் பெட்டிகளுக்கும் சிங்கிள் ஓட்டுபவர்கள் பணம் கொடுத்தது இதற்காகத்தான். எஞ்சினின் பவர் வரம்பு குறுகக் குறுக கியர்கள் கூட வேண்டியிருக்கும். 1967-ல் சுஸுகி தன் 50 சிசி ரேஸ் வண்டிக்கு 14 கியர் வைத்தது அந்தத் தர்க்கத்தின் கடைசி எல்லை.

ஹேர்பின் (கொண்டை ஊசி) வளைவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் மல்லோரி பார்க் பந்தயப் பாதையின் ஹேர்பினிலோ, மேன் தீவின் ராம்ஸி ஹேர்பின், கவர்னர்ஸ் பிரிட்ஜிலோ வேகம் அடிமட்டத்துக்குப் போய்விடும். 45 கி.மீ. என்று வைத்தால் 48 பல்லோடு முதல் கியரில் 2840 சுற்று. பின்னால் 52 பல் போட்டால்? 3080. நான்கு பல் கூட்டியும் 240 சுற்றுதான். எஞ்சின் சுத்தமாக இழுக்கத் தொடங்குவது 4800-ல் என்றால், ஸ்ப்ராக்கெட் வழியாக அங்கே போக, டாப் கியரின் உச்ச வேகம் 117 கி.மீ.க்கு இறங்க வேண்டும். அதனால் ஹேர்பினுக்கு மருந்து ஸ்ப்ராக்கெட்டில் இல்லை, கிளட்சில் இருக்கிறது. த்ராட்டிலைப் பிடித்து எஞ்சினை வரம்புக்குள் வைத்துக்கொண்டு, கிளட்சை நழுவவிட்டு வெளியேற வேண்டும். அதற்குத் தட்டுகள் சமதளமாகவும் ஸ்பிரிங்குகள் எல்லாம் ஒரே உயரத்திலும் இருக்க வேண்டும். பிரஷர் பிளேட் கோணலாக எழும்பினால் கிளட்ச் பிடித்துப் பிடித்து விடும், அந்த உதறலில்தான் வண்டி நின்றுபோகும். மேங்க்ஸ் ஓடிய காலத்தில் வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்துதான் பந்தயம் தொடங்கியது, உயரமான முதல் கியர் அப்போது பெரிய தொல்லையாகத் தெரியவில்லை. கிளட்ச் ஸ்டார்ட் வைக்கும் இன்றைய கிளாசிக் பந்தயங்களில் அதே முதல் கியர் தொடக்கத்திலேயே கிளட்சை வேகவைத்துவிடும்.

ஃப்ளைவீலின் பங்கைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. வண்டி வேகம் கூட்டும்போது எஞ்சினும் வேகம் கூட்ட வேண்டும், அதற்கும் பவர் செலவாகிறது. கிராங்கின் சுழல் நிலைமம் 0.04 கிலோ-மீட்டர் வர்க்கம் என்று வைத்தால், முதல் கியரில் அது வண்டியில் கூடுதலாக 23 கிலோ ஏற்றியதற்குச் சமம். டாப் கியரில் 7 கிலோதான். மொத்த விகிதத்தின் வர்க்கத்தில் இது கூடுவதால், இரண்டு பல் ஷார்ட் ஆக்கினால் முதல் கியரில் மேலும் 2 கிலோ சேரும். கிடைத்த 4 சதவீதத்தில் ஏறக்குறைய ஒரு சதவீதம் ஃப்ளைவீலுக்கே போகிறது. கனமான கிராங்க் உள்ள வண்டியில் மேல் கியருக்கு மாற்றிய கணத்தில் ஓர் உதை தெரியும். சுற்று குறையும்போது ஃப்ளைவீல் தன் சேமிப்பைத் திருப்பித் தருவது அது. மூன்றிலிருந்து டாப்புக்கு மாற்றும்போது அந்த உதையின் மதிப்பு மணிக்கு அரை கி.மீ.க்குச் சற்று மேல். அதுவும் முன்பே கொடுத்த கடன்தான், புதிய வருமானம் அல்ல.

சுற்றுப்பாதையில் வேலை இப்படி நடக்க வேண்டும். ஒவ்வொரு வளைவிலும் த்ராட்டிலை முழுதாகத் திறக்கும் இடத்தில் எந்த கியர், எத்தனை ஆர்பிஎம் என்று குறியுங்கள். ஒவ்வொரு நேர்பாதையின் முடிவிலும் அதேபோல. கியர் மாற்றும் இடங்களைப் பாதையின் வரைபடத்தில் புள்ளியிடுங்கள். பிறகு எந்த வளைவு மிக நீண்ட நேர்பாதைக்கு இட்டுச்செல்கிறதோ அதற்கு முதல் மரியாதை. இங்கிலாந்தின் பிராண்ட்ஸ் ஹாட்ச் பந்தயப் பாதையின் சின்னச் சுற்றில் அது கடைசி வளைவான கிளியர்வேஸ், ட்ரூயிட்ஸ் ஹேர்பின் அல்ல. அந்த வளைவிலிருந்து வெளியேறும்போது எஞ்சின் டார்க் உச்சத்துக்குச் சற்றுக் கீழே இருந்து, அடுத்த மாற்றத்துக்கு நல்ல தூரம் மிச்சமிருந்தால் கியரிங் சரி. வெளியே வந்து வண்டி நிமிர்வதற்குள் மாற்ற வேண்டியிருந்தால் ஷார்ட் அதிகம். மல்லோரியின் ஜெரார்ட்ஸ் போன்ற நீண்ட வளைவில் சாய்ந்தபடியே கியர் மாற்ற நேர்ந்தால், பிக்கப் கணக்கு என்ன சொன்னாலும் ஒரு பல் மாற்றுவதே நல்லது. சாய்ந்த டயரில் விசை அறுந்து திரும்ப வருவது ஆபத்து.

மேன் தீவின் 60.7 கி.மீ. சுற்று வேறு உலகம். சல்பியின் நேர்பாதையும், மலையிலிருந்து கிரெக்-நி-பா நோக்கி இறங்கும் சரிவும் லாங் கியரிங் கேட்கின்றன. ராம்ஸிக்குப் பிறகு வரும் ஏற்றம் அதற்கு நேர் எதிராகக் கேட்கிறது. 1960-ல் டெரெக் மின்டர் ஒற்றை சிலிண்டர் வண்டியில் முதன்முதலாக மணிக்கு 100 மைல் சராசரிச் சுற்றைத் தொட்டதும் இந்த இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு ஸ்ப்ராக்கெட்டோடுதான். அங்கே இறக்கத்தில் எஞ்சின் எல்லை மீறாமல் இருப்பதே முதல் நிபந்தனை. 7200-க்கு மேல் தொடர்ந்து சுற்றவிட்டால் வால்வும் பிக் எண்ட் பேரிங்கும் அந்த விலையைக் கொடுக்கும்.

காற்றையும் பாருங்கள். நேர்பாதையில் முதுகுக்குப் பின்னால் காற்றடித்தால் காலையில் சரியாக இருந்த கியரிங் மதியம் எஞ்சினை எல்லை மீற வைக்கும். எதிர்காற்றில் டாப் கியர் இழுக்காமல் 6300-லேயே நின்றால், ஒரு பல் ஷார்ட் ஆக்குவது உச்ச வேகத்தையே கூட்டும்.

எந்த ஸ்ப்ராக்கெட்டை மாற்றுவது என்பதிலும் வித்தியாசம் உண்டு. ஒரே மொத்த விகிதத்தை இரண்டு வழிகளில் பெறலாம். எஞ்சின் ஸ்ப்ராக்கெட்டைப் பெரிதாக்கி, அதற்கு ஈடாகப் பின் ஸ்ப்ராக்கெட்டையும் பெரிதாக்கினால், கிளட்சும் கியர்பாக்ஸும் வேகமாகச் சுற்றும், ஆனால் அவற்றின் வழியே போகும் டார்க் குறையும். நழுவும் கிளட்சுக்கும், பல் உடையும் கியர்பாக்ஸுக்கும் இது நல்ல மருந்து. ஏஎம்சி பெட்டியில் பெரிய ட்வின் எஞ்சினைப் பூட்டுபவர்கள் இதை முதலிலேயே செய்துவிட வேண்டும். ஆனால் பந்தய நாளில் எஞ்சின் ஸ்ப்ராக்கெட்டைத் தொடாதீர்கள். நார்டனில் பிரைமரி செயினை (எஞ்சினிலிருந்து கிளட்சுக்குப் போவதை) இறுக்க கியர்பாக்ஸையே நகர்த்த வேண்டும், அது நகர்ந்தால் பின் செயினின் தொய்வும் மாறும். இரண்டையும் மறுபடி சரிபார்க்கும் அவசரத்தில் ஏதாவது ஒன்று இறுகிப்போய், கியர்பாக்ஸ் மெயின்ஷாஃப்ட் பேரிங் பலியாகும்.

பின் ஸ்ப்ராக்கெட் மாற்றும்போது அச்சு எவ்வளவு நகரும் என்பதை முன்பே கணக்கிடலாம். ஒரு பல் கூடினால் செயினுக்கு அரை பிட்ச் (பிட்ச் என்பது செயினின் அடுத்தடுத்த இரு பின்களுக்கு இடையிலான தூரம்) அதிகம் வேண்டும், அச்சு கால் பிட்ச் முன்னே வர வேண்டும். 5/8 அங்குல பிட்ச் செயினில் அது 4 மி.மீ. இரண்டு பல்லுக்கு 8 மி.மீ. நான்கு பல்லுக்கு 16 மி.மீ., அல்லது செயினில் ஓர் உள் இணைப்பும் ஒரு வெளி இணைப்பும் சேர்த்தால் அச்சு இருந்த இடத்திலேயே இருக்கும். எனவே 46-லிருந்து 50 வரை ஐந்து ஸ்ப்ராக்கெட்டும், ஒன்றைவிட ஒன்று இரண்டு பிட்ச் நீளமான இரண்டு செயினும் கொண்டுபோனால் அச்சு எப்போதும் ஸ்லாட்டின் நடுப்பகுதியிலேயே நிற்கும், வீல்பேஸும் பெரிதாக மாறாது. தொய்வைப் பார்க்கும்போது, கியர்பாக்ஸ் ஸ்ப்ராக்கெட்டின் மையம், ஸ்விங் ஆர்ம் பிவட், பின் அச்சு மூன்றும் ஒரே கோட்டில் வரும் நிலைக்கு வண்டியை அமுக்கிப் பாருங்கள். செயின் மிக இறுக்கமாக இருப்பது அங்கேதான், அந்த நிலையிலும் கொஞ்சம் ஆட வேண்டும். அலுமினிய ஸ்ப்ராக்கெட்டின் போல்ட்டுகளைக் கம்பி கட்டிப் பூட்டுங்கள், ஸ்பிரிங் கிளிப்பின் திறந்த முனை செயின் ஓடும் திசைக்குப் பின்பக்கமாக இருக்கட்டும், கிளிப்பின் மேல் கம்பியோ சிலிகானோ போட்டு அடையுங்கள். மாற்றிய பல் எண்ணிக்கையை உடனே நோட்டில் எழுதி, பக்கத்திலேயே அன்றைய காற்றின் திசையையும் டயர் சுற்றளவையும் எழுதி வையுங்கள்.